இரத்தினம்மாவின் முதுகுவலி

"பலயங்! பலயங்!" என்று காக்கையை விரட்டிக்கொண்டே உலக்கையைத் தூக்குவாள் இரத்தினம்மா. உலக்கை இறங்குவதற்குள் சிங்களத்தில் இன்னொரு வசவும் காக்கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தமிழில் விரட்டினால் போகாதா என்று ஒருநாள் கேட்டேன். "கண்டிக் காக்காய்க்குத் தமிழ் எப்படிங்க டீச்சரம்மா வெளங்கும்?" என்றாள். இடித்த மாவை அரித்து, வறுத்து, தகர டின்னில் அடைத்து விடியற்காலையில் மக்கீன் நானாவின் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கடை இடியப்பம் முழுக்க இவள் இடித்த மாவுதான்.

கட்டுக்கலையில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஏழு வீடுகள், முன்னால் ஒரு முற்றம், எல்லோருக்குமாக ஒரு பைப்பு. என் வீட்டுக்கு அடுத்தது அவள் வீடு. புருஷன் வீரய்யா முனிசிப்பாலிட்டியில் தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவர், வாய் திறக்காத மனுஷர். ஊருக்கெல்லாம் குழாய் பொருத்துகிறவர் வீட்டு முற்றத்தில் பைப்பு ஒழுகுவதை அவள் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. மழை வந்தால் அவருடைய காக்கிக் கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவாள். பார்த்தவர்கள் சிரித்தால், "நனையப்போறது நானா, நீங்களா?" என்று கேட்டுவிட்டு நடப்பாள்.

அவளைப் பற்றி அவளுக்கே யாராவது சொல்ல வந்தால் மட்டும் பொறுக்கமாட்டாள். 'முகம் வாடியிருக்கிறதே, கொஞ்சம் படுத்தால் என்ன' என்று அன்பாகச் சொன்னாலும் போச்சு. "என் ஒடம்பு எங்கிட்ட சொல்லாம உங்ககிட்ட வந்து சொல்லிச்சாக்கும்!" என்பாள். குடிவந்த புதிதில் எனக்கு இது சுருக்கென்று தைத்தது. வாய்க்கொழுப்பு என்றே நினைத்தேன். விஷயம் தெரிந்த பிறகு அந்த வாய் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் தகும் என்று தோன்றிவிட்டது.

1932இல், கம்பளையில் மாமியார் வீட்டில் அவளுக்கு முதல் பிரசவம். வலி வயிற்றில் வரவில்லை. முதுகின் அடியில், இடுப்பெலும்பு சேரும் இடத்தில் பிடித்தது. விட்டு விட்டு வந்தது. மாமியார் பேச்சியம்மாள் அதைச் சூட்டுவலி என்று தீர்மானித்தாள். உடம்புச் சூட்டில் வருகிற பொய்வலி, சீரகத் தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும் என்பது அதற்கு அர்த்தம். குடிக்கவைத்து, பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, எழுந்தபோதெல்லாம் தோளைப் பிடித்து அமுக்கினார்கள். இரண்டு நாள் இப்படியே போனது. மருத்துவிச்சியைக் கூட்டிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெற்றவளுக்குக் காட்டாமலே குழந்தையைத் துணியில் சுற்றி மகாவலி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளை தங்கவில்லை என்று ஊருக்குச் சொல்லிவைத்தார்கள். தங்கவிட்டால் அல்லவா தங்கும்!

இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், மா அரித்துக்கொண்டே. "வலிக்குதுன்னேன் டீச்சரம்மா. இல்லேன்னாங்க. எல்லாரும் சேந்து சொல்றாங்களேன்னு நானும் நம்பித் தொலைச்சேன்" என்றாள். அரிதட்டு ஒரு கணமும் நிற்கவில்லை.

இந்த வருஷம் அவளுக்கு மறுபடி நிறைமாதம். பேச்சியம்மாள் எண்ணெய்ப் போத்தலும் சீரகப் பொட்டலமுமாகக் கம்பளையிலிருந்து ரயிலேறி வந்து இறங்கினாள். கெட்டவள் இல்லை அந்த அம்மாள். மருமகளுக்கு மீன் முள் எடுத்துக் கொடுப்பாள், கால் பிடித்துவிடுவாள். தான் ஏழு பெற்ற கதையில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இரத்தினம்மாவுக்கு முதுகில் வலி பிடித்தது. சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. காலையில் அடுத்த வீட்டில் சத்தம் கேட்டுப் போனேன். மாமியார் கையில் சீரகத் தண்ணீர். கீழே விரித்த பாய். மருமகள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டியபடி நின்றாள்.

"ஏழு பெத்தவடி நான். ஒண்ணுகூட முதுகுல வலிக்கல. இது சூட்டு வலி. குடிச்சிட்டு மல்லாக்கப் படு."

"படுக்க மாட்டேன் அத்தை."

"சொன்னாக் கேளு. அலட்டிக்கிட்டா புள்ளைக்கு ஆகாது."

"கேட்டேனே! கம்பளையில கேட்டேனே! என்ன குடுத்தீங்க கையில?" என்றாள் இரத்தினம்மா. மாமியார் சீரகத் தண்ணீரைத் தரையில் வைத்தாள்.

மூன்றாவது வீட்டு உம்மு குல்சும் எங்கள் பக்கத்து மருத்துவிச்சி. ஆள் அனுப்பி அழைத்ததும் தொழுகை முக்காட்டோடு வந்தாள். முதலில் அவளும் முதுகுவலி என்றதும் உதட்டைப் பிதுக்கினாள். "ராத்தா, கையை வச்சுப் பாத்துட்டு அப்புறம் பிதுக்குங்க" என்றாள் இரத்தினம்மா. உம்மு குல்சும் கோபித்துக்கொள்ளாமல் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். தொப்புளைச் சுற்றிக் குழிந்திருந்தது. எங்கே தொட்டாலும் சின்னச் சின்னக் கையும் காலும்தான் இடறின.

"புள்ளட முதுகு முன்னுக்கு இல்ல," என்றாள், பேச்சியம்மாளைப் பார்த்து. "உம்மாட முதுகோட முதுகு வச்சிக்கொண்டு ஈக்கி. அதுதான் முதுகுல வலிக்கிது. இது புள்ள வலிதான். மல்லாக்கப் போட்டா இன்னம் போய்க் குத்தும். அவ எப்பிடி நிக்க ஏலும்ங்கிறாவோ அப்பிடியே விடுங்க." கொஞ்சம் பொறுத்து, "பின்னேரம் அஸர் பாங்குக்கு முந்தி எறங்கலண்டா வண்டி புடிச்சி ஆஸ்பத்திரிக்குத்தான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"நடந்தே போறேன். படுத்துக்கிட்டு மட்டும் போகமாட்டேன்" என்றாள் இவள்.

அந்த வீட்டில் ஓர் அறைதான். நடக்க இடமில்லை. முற்றத்துக்கு வந்துவிட்டாள். சுவரைப் பிடித்து நடந்தாள்; வலி வரும்போது கையும் முழங்காலும் தரையில் ஊன்றிக் குனிந்துகொண்டாள். சனிக்கிழமை முற்றம் எப்படி இருக்கும்? பைப்படியில் வாளியோடு ஆண்கள் நின்றார்கள். பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆம்பளைங்க பாக்குறாங்கடி! மானம் போகுது!"

"பாக்கட்டும். கூச்சமா இருந்தா அவுங்க கண்ணை மூடிக்கட்டும்!"

வாளிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பாதி வாளியோடு போனவர்களும் உண்டு. பேச்சியம்மாள் மகனிடம் திரும்பி, "டேய், நீயாச்சும் சொல்லுடா அவளுக்கு" என்றாள். வீரய்யா கம்பளையிலும் இப்படித்தான் ஒரு மூலையில் நின்றிருந்தார் என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கு என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தேன். அவர் உள்ளே போனார். இரண்டு படுக்கை விரிப்புகளையும் அந்தக் காக்கிக் கோட்டையும் கொண்டுவந்து, துணிக்கொடியில் வரிசையாகப் போட்டுத் திரை கட்டினார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பைப்படிப் பக்கம் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கு அவர் சொன்ன பதில் அதுதான்.

எனக்குக் கிடைத்த வேலை அம்மிக்குழவி. சுடுதண்ணீரில் போட்டெடுத்து, துணி சுற்றி, வலிக்கும் இடத்தில் வைத்து அழுத்த வேண்டும். நான் பதமாக உருட்டினேன். "தடவாதீங்க டீச்சரம்மா, அமுக்குங்க! வீட்ல சோறு திங்கிறீங்களா, இல்ல புஸ்தகத்தத் திங்கிறீங்களா?" என்று கத்தினாள். என் முழு பலத்தையும் போட்டேன். என் தோள் இற்றுப்போனது, அவள் இன்னும் இன்னும் என்றாள். வலி விட்ட இடைவெளியில் வெல்லக்கட்டியைக் கடித்துக்கொண்டு, பைப்பு ஒழுகுவதைப் பற்றித் திரைக்கு வெளியே இருந்த புருஷனுக்கு இரண்டு வார்த்தை சொன்னாள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அடுத்த வலியில் அவள் போட்ட அலறலில் மறுபடி குழவியை எடுத்து அமுக்கினேன்.

மத்தியானம் தாண்டியும் தலை இறங்கவில்லை. உம்மு குல்சும் பேச்சைக் குறைத்துவிட்டாள். அவள் உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் என் காதருகே வந்து, "போன தடவையும் இப்படித்தான் நேரமாச்சு" என்றாள். அந்த அம்மாளும் பயந்து போயிருந்தாள். இரத்தினம்மா நிமிர்ந்து எங்கள் மூவரையும் பார்த்தாள். அழுகிற முகம் இல்லை அது, சண்டைக்கு நிற்கிற முகம். "இதை விடமாட்டேன்" என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியாது. எழுந்து போய், முழங்காலிட்டு, தன் மா இடிக்கிற மர உரலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

பாங்கு சொல்வதற்கு முந்தியே பிள்ளை வந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் தாயின் முதுகுப் பக்கம் முகம் வைத்து வெளியே வரும் என்பார்கள். இது முன்பக்கமாகப் பார்த்தபடி, நெற்றி சிவந்து, கண்ணைத் திறந்துகொண்டே வந்தது. பெண். "இந்தா, உம்மாவைப் பாக்க வந்தவ!" என்று உம்மு குல்சும் தூக்கிக் காட்டினாள். ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு வீரிட்டது பாருங்கள், பைப்படியில் இருந்த மனுஷர் திரும்பிப் பார்க்காமலே எழுந்து நின்று அழுதார். நானும் அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது?

குழந்தைக்கு இப்போது ஒரு மாதம் ஆகிறது. இரத்தினம்மா இன்னும் உலக்கையைத் தொடவில்லை. வாய்க்கு மட்டும் ஓய்வு இல்லை. பேச்சியம்மாள் ஊருக்குத் திரும்பவில்லை. சேதி கேட்க வருகிறவர்களிடம், மருமகள் நின்றே பெற்றுவிட்டாள் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாள், தானே நிற்கச் சொன்ன மாதிரி.

போன ஞாயிறு மக்கீன் நானாவின் மனைவி ஹபீலா பிள்ளை பார்க்க வந்தாள். வாசலில் இரத்தினம்மா இரண்டு காலையும் நீட்டி, அதன்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் பக்கத்தில் நின்று செம்பால் வெந்நீர் ஊற்றினாள்.

"மாஷா அல்லாஹ்! மொதப் புள்ளயா?" என்று கேட்டாள் ஹபீலா.

"ஆமாங்க, இதுதான் தலச்சன்" என்றாள் பேச்சியம்மாள்.

இரத்தினம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. இடது கையால் குழந்தையின் கழுத்தைத் தாங்கிக்கொண்டு, எண்ணெய் வழிகிற வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, இரண்டு விரலைக் காட்டினாள். செம்பு ஊற்றாமல் நின்றது. ஹபீலாவுக்கும், மாமியாருக்கும், பைப்படியில் நின்றவர்களுக்கும் தெரியும்வரை அவள் அந்தக் கையை இறக்கவில்லை.