நிகழ்காலத்தில் ஓர் ஆறு

எண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளியில், பிள்ளைகளுக்குப் பாட்காஸ்ட் பதிவு செய்யச் சொல்லித்தரப் போயிருந்தபோதுதான் அந்தத் தமிழய்யாவைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, தொளதொளத்த சட்டை, கழுத்தில் மடித்துச் செருகிய கைக்குட்டை. கண்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் கடக்கும்வரை மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு நிற்பார். சத்தம் ஓய்ந்ததும் கையை எடுத்து, "பேசுங்கள்" என்பார். செந்தமிழைத் தவிர அவர் வாயில் வேறு வராது.

முக்காலப் பாடத்துக்காக, ஊரைப் பற்றி நிகழ்காலத்தில் பேசிப் பதிவு செய்யச் சொல்லியிருந்தார். மீனவர் வீட்டுப் பெண்ணொருத்தி ஆரம்பித்தாள்.

"எங்க ஆத்துல இறா கீது. நண்டு கீது. மடவை கீது."

அந்தக் 'கீது'வை 'இருக்கிறது' என்று திருத்துவார் என்று நினைத்தேன். அவர் திருத்தியது வேறு. "'இருந்தது' என்று சொல், அம்மா."

"நிகழ்காலத்துல பேசுன்னு நீங்கதான சார் சொன்னீங்கோ? எங்க நைனா டெய்லி வலைய எத்துகினு போவுதே."

"போய்?"

"இன்னா சார், ஆத்துல கரண்ட் கம்பெனி சாம்பத் தண்ணிதான ஓடுது. வெறும் வலையோட வந்துரும்."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அடுத்த லாரி வந்தது, அவர் மைக்கைப் பொத்தினார். லாரி போன பிறகும் கையை எடுக்கவில்லை.

"திருத்திப் பதிவு செய்யலாமா ஐயா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அம்மா," என்றார். "இலக்கணம் சரியாகத்தான் கீது."

அந்த ஒரு 'கீது' அவர் வாயில் எங்கிருந்து வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.