ஒரே கட்சிக்கு ஆடிய மச்சானை அழைத்துவரப் போனேன்

சென்ற ஆனியில் நான் ரங்கூன் போனது ஊர் பார்க்க அல்ல. என் மனைவியின் அண்ணன் சவரிமுத்துவுக்கு அங்கே அரிசி மில்லில் வேலை, மில்லின் உதைபந்துக் கட்சியில் ஆட்டம். வலது முழங்கால் வீங்கிவிட்டது, இனி ஓடினால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னதாகக் கடிதம் வந்தது. ஆளைக் கையோடு கூட்டிவரக் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து நாலு நாள் கப்பல், டெக் டிக்கெட் பதினைந்து ரூபாய். ஆனியில் கடல் படுத்துகிற பாடு இருக்கிறதே, அப்பப்பா! எலுமிச்சம்பழம் கொண்டுபோங்கள். வியாழன் காலை ஏழு மணிக்கு இறங்கினேன். மச்சான் குடியிருந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை துறைமுகத்திலிருந்து இரண்டு மைல். ரிக்‌ஷாக்காரர் எட்டணா கேட்டு ஆறணாவுக்கு வந்தார்.

"புட்பால் சவரி வீடா? பதினாறு வருசமா ஒரே கட்சி சாமி! எத்தனை மில்லுக்காரன் கூப்பிட்டான், அசையலியே!" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் இடம் இருந்தது. மச்சான் மசியவில்லை.

"நாளன்னிக்குக் கடைசி ஆட்டம் மாப்பிள்ளை. பாதியில விட்டுட்டு வந்தா நான் மனுசனா?"

"கால் போயிடும் மச்சான்."

"அரை மணி நேரந்தான் ஆடுவேன்."

கட்சித் தலைவர் கோ டின் பர்மாக்காரர். அவரே அரைகுறைத் தமிழில், "வேணாம் சவரி, நீ உக்காரு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கடல் தாண்டி வந்தவன், மச்சான் ஆடுவதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமே என்ற ஆசை. பாழாய்ப்போன ஆசை.

சனி மாலை ஐந்து மணிக்கு ஆட்டம். கணுக்கால் வரை சேறு. இருபதாவது நிமிடம் எதிராளியின் கால் பட்டு மச்சான் விழுந்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து கோ டின்னும் மற்றவர்களும் அவரைக் கப்பலுக்குத் தூக்கிவந்தார்கள். அடுத்த வருஷ ஆட்டத்துக்குத் தன் இடத்தில் யாரை இறக்குவது என்று மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கடலைப் பார்த்து அழுதேன்.

ரங்கூனிலிருந்து யாரையாவது அழைத்துவரப் போகிறவர்களே, முதல் கப்பலிலேயே ஏற்றிவிடுங்கள். கெஞ்சினாலும் கேட்காதீர்கள். வீட்டில் இன்றுவரை என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் விழுவதற்குச் சற்று முன் மெதுவாகத்தான் நடந்துகொண்டிருந்தார். "ஓடுங்க மச்சான், ஓடுங்க!" என்று எழுந்து நின்று கத்தியவன் நான்தான்.