வீட்டுக்குள் போகாத காமன்

விஷுவல் நாவல் என்ற சொல்லை எனக்குச் சொன்னவள் என் கூட்டாளிதான். மாத்தளை டவுனில் அவளுடைய சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி, வைத்திருந்த கொம்யூனிகேஷன் கடையில், போன் பேசவும் போட்டோக் கொப்பி எடுக்கவும் ஆட்கள் வருகிற இடத்தில், நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் கல்யாணக் கார்டுக்கும் கடை நோட்டீஸுக்கும் படம் போடுவேன். கணினியில் மற்ற வேலையெல்லாம் அவளுடையது. திரையில் ஒரு படம் வரும், அடியில் ஒரு பெட்டிக்குள் ஆட்களின் பேச்சு வரும், முக்கியமான இடத்தில் இப்படிச் செய்யவா, அப்படிச் செய்யவா என்று இரண்டு வழி கேட்கும். எதை அழுத்துகிறோமோ அந்தப் பக்கம் கதை போகும். இவ்வளவுதான் விஷுவல் நாவல்.

"நாமளும் இப்பிடி ஒண்டு செய்வமா? ஒரு நாடகம் ஆடப்போய் எல்லாம் குழம்பிப் போற கதை. சிரிப்பா இருக்கும்" என்றாள். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். குழம்பிப்போன கூத்து ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது அவளுக்குத் தெரியும்.

"செய்வோம், அதையே செய்வோம்" என்றேன். வீம்புக்குத்தான் சொன்னேன். எனக்கு வாயும் நீளம், கோபமும் அதிகம். அந்தக் கதையில் என் அண்ணனுக்கு நானே ஒரு முடிவு எழுத வேண்டியிருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இரத்தோட்டைக்கு மேலே இருக்கிறது. மாசி மாதம் அங்கே காமன் கூத்து ஆடுவோம். காமனாக ஆடுகிறவனுக்கும் ரதியாக ஆடுகிறவனுக்கும் கையில் காப்புக் கட்டுவார்கள். சிவன் காமனை எரித்து, ரதி ஒப்பாரி வைத்து, மூன்றாம் நாள் காமனை எழுப்புகிற வரைக்கும் அந்தக் காப்பை அவிழ்க்க மாட்டார்கள். அதுவரை காமன் எந்த வீட்டுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. சோறு, தூக்கம் எல்லாம் கூத்துக்கு நட்ட கம்பத்தடிப் பந்தலில்தான். அந்த வருடம் காமன் என் அண்ணன். ரதி, பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த அண்ணன் ஒருவர். அவனோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்.

கூத்து என்றால் இரவில்தான் ஆடுவது. ஆனால் அது வடக்கில் சண்டை மறுபடி மூண்டிருந்த நேரம். இருட்டிய பிறகு ஆள் கூடக் கூடாது என்று பொலிஸில் சொல்லிவிட்டார்கள். சரி, பகலில் ஆடிவிடுவோம் என்று தோட்டத்தில் முடிவெடுத்தார்கள். பகலில் கூத்து எப்படி இருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தீப்பந்த வெளிச்சத்தில் பிள்ளைகளை அலற வைக்கிற வீரபத்திரன், வெயிலில் மாட்டுப்பட்டி மாமாவாகத்தான் தெரிந்தார். பிள்ளைகள் "மாமா, மாமா" என்று கை காட்டினார்கள். ரதியின் சேலைக்கு அடியில் காற்சட்டை தெரிந்தது. எமன் காலையிலேயே சாராயம் போட்டுவிட்டு வந்து, கூப்பிடாத நேரத்தில் மேடையேறி, இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். எங்கிருந்தோ ஓர் ஆடு வந்து காமனின் கரும்பு வில்லை மெல்லத் தொடங்கியது. அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவன் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

சிவனின் நெற்றிக்கண் நெருப்பு என்பது, சிவன் நிற்கிற பரணிலிருந்து கம்பத்துக்கு இழுத்துக் கட்டிய கயிற்றில் ஓடிவரும் ஒரு வாணம். பகலில் அது கண்ணுக்குத் தெரியாதே என்று முந்தின நாளே பேச்சு வந்தது. "நெருப்பு தெரியாட்டி என்னாங்க, சத்தமாவது கேக்கட்டும். மருந்த கூடப் போடுங்க" என்று சொன்னவன் அண்ணனேதான். போட்டார்கள். வாணம் பாதி வழியில் கயிற்றை அறுத்துக்கொண்டு, கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் தகரக் கூரையில் விழுந்து வெடித்தது. மலை முழுக்க அந்தச் சத்தம் கேட்டிருக்கும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ரதி ஒப்பாரிக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது, ரோட்டுக் காவலரணிலிருந்து ட்ரக் வந்து நின்றது.

சீருடைக்காரர்கள் ஆம்பிளைகளை வரிசையில் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். காமன் உடுப்புக்கு ஏது பாக்கெட்? அட்டை எங்கள் லய வீட்டுக் காம்பராவில், ஆணியில் தொங்கிய காற்சட்டைக்குள் இருந்தது. போய் எடுத்து வா என்றார்கள். கூப்பிடு தூரம்கூட இல்லை, கதவும் திறந்தே கிடந்தது. காப்புக் கட்டியிருக்கிறேன், வீட்டுக்குள் போக முடியாது, அம்மா எடுத்து வருவார் என்று அண்ணன் சிங்களத்தில் சொன்னான். நல்ல சிங்களம்தான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் சொந்த வீட்டுக்குள் போகப் பயப்படுகிற ஒருவனை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள்.

"உள்ள போடா! காப்பு போனா போவுது, உள்ள போடா!" என்று அம்மா கத்தினாள். அண்ணன் முகத்தில் ரோஸ் சாயம், தலையில் கடதாசிக் கிரீடம், கையில் ஆடு மென்ற கரும்பு. அவன் அசையவில்லை. அவர்களே காம்பராவுக்குள் போய்க் கிளறிக் கொட்டினார்கள். அரிசியும் துணியும்தான் இருந்தன. அட்டையையும் எடுத்துக்கொண்டு, அவனையும் ஏற்றிக்கொண்டு, விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று போனார்கள். பிறகு எங்கே போய்க் கேட்டாலும் அப்படி ஒருவரை எடுக்கவே இல்லை என்றுதான் பதில் வந்தது. மூன்றாம் நாள் எழுப்புவதற்குக் காமன் இல்லை. கம்பத்தைப் பிடுங்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. மழையில் அதுவாகச் சாய்ந்தது.

இதைத்தான் நாங்கள் விளையாட்டாகச் செய்தோம். கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் நான் வரைந்தேன். அந்த மென்பொருளுக்குள் தமிழ் எழுத்தைப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறியது. அதனால் ஒவ்வொரு பேச்சையும் வேறு இடத்தில் டைப் செய்து, படமாக்கிக் கொண்டுவந்து ஒட்டினாள் அவள். ஆடு, எமன், காற்சட்டை போட்ட ரதி எல்லாம் நன்றாக வந்தன. அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள், பிறகு "அல்லாஹ், நான் என்னத்துக்குச் சிரிக்கிறன்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

முடிவுதான் வரவில்லை. ஒப்பாரிக்குக் குரல் வேண்டும் என்று ரதி அண்ணனைக் கடைக்குக் கூப்பிட்டேன். வந்தவர் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாம் நாள் எழுப்புறீங்களா?"

"இல்லண்ணே. நடக்காதத எப்பிடி வரையிறது?"

"அப்போ நான் பாட மாட்டேன் தங்கச்சி. ஒப்பாரி வச்சா எழுப்பணும். எழுப்பாம விட்டா, நானே அவன பொணமாக்குன மாதிரி ஆயிரும்."

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "நான் எழுப்பி படம் போட்டா மட்டும் வந்துருவானா?" என்று கத்தினேன். போட்டோக் கொப்பி எடுக்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். ரதி அண்ணன் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. எழுப்பினால் நான் பொய்க்காரி. எழுப்பாமல் விட்டால் அண்ணன் செத்துவிட்டான் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. கதை அப்படியே கிடந்தது.

கடைசியில் கூட்டாளிதான், ட்ரக் வந்த இடத்தில் ஒரு வழியைத் திறந்துவிட்டாள். 'காப்பை மதித்து நில்' என்று ஒரு பெட்டி, 'வீட்டுக்குள் போய் அட்டையை எடு' என்று ஒரு பெட்டி. நின்றால் நடந்ததுதான் நடக்கும். உள்ளே போனால்? காம்பராவின் உள்பக்கத்தை வரைந்தேன். ஆணி, காற்சட்டை, அடுப்பு, திறந்த கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிரீடத்தோடு நிற்கிற அண்ணன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்க வந்த ஒரு நாள் அம்மா கடைக்கும் வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டினேன். ஆடு வந்த இடத்தில் அவளும் சிரித்தாள். ட்ரக் வந்ததும் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பெட்டியிலும் எழுதியிருந்ததைச் சொன்னேன்.

"உள்ள போகச் சொல்லு" என்றாள். மவுசை அவள் கையில் கொடுத்தேன். அவளே அழுத்தினாள்.

காம்பரா வந்தது. அம்மா கையை நீட்டி, திரையில் அண்ணனின் முதுகைத் தொட்டாள். அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க, அதுவரை நான் பிடித்துக்கொண்டிருந்த வீம்பெல்லாம் கரைந்துவிட்டது.

"இன்னும் முடியலம்மா. அட்டையோட வெளிய வருவான். பாத்துட்டு அவங்க போயிருவாங்க. அந்தப் படத்தையும் போடுறேன்" என்றேன்.

அம்மா வேகமாகத் தலையை ஆட்டினாள். "வெளிய வர வைக்காதடி. அவனுங்க நிக்கிறானுங்க. உள்ளேயே இருக்கட்டும்."

கூட்டாளி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் படத்தோடு கதையை முடித்தாள். ஒப்பாரிக்கு அதில் இடமே வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா மாத்தளைக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து, அந்தப் படத்தை மட்டும் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் எழுந்து போகும்போது, "கதவ ஏன்டி தொறந்து போட்டு வச்சிருக்க?" என்று கேட்டாள்.

அன்றைக்கே கதவைச் சாத்தி வரைந்துவிட்டேன்.