கம்பளிக்குள் இருந்த மூச்சு

ஸ்ரீரங்கத்துக்கு வந்த முதல் மார்கழியில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விடியற்காலையில் கோயிலுக்குப் போகிறவர்கள் காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு, "என்ன குளிருங்க!" என்று நடுங்கினார்கள். கொழுந்து கிள்ளும்போது விரல் மரத்துப்போகிற மலையிலிருந்து வந்தவள் நான். இதெல்லாம் ஒரு குளிரா? கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் இருக்கிற உங்களுக்கும், எழுபதுகளில் என்னைப்போல் கப்பலேறி வந்து இங்கே சிதறிக்கிடக்கிறவர்களுக்கும் இது புரியும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மார்கழியில் என் மூத்த மகளுக்குச் சளி பிடித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளையாடப் போய்விட்டாள். அவளிடமிருந்து கைப்பிள்ளைக்கு ஒட்டியது. தோட்டத்தில் பிள்ளைக்குச் சளி என்றால் கம்பளியில் சுற்றுவோம், வேறென்ன தெரியும் நமக்கு. மழையில் கொழுந்தெடுக்கும்போது நான் போர்த்திய அதே கம்பளியைக் கழுத்துவரை இறுக்கிச் சுற்றினேன். பிள்ளை இரண்டு வாய் பால் உறிஞ்சுவான், விட்டுவிட்டு மூச்சு வாங்குவான். மறுநாள் காலையில் மார்பைப் பிடிக்கவே இல்லை. வீட்டுக்காரர் மூட்டை தூக்கப் போயிருந்தார். நானே தூக்கிக்கொண்டு, காவேரிப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் முசிறிக்காரம்மா ஒருத்தி தன் பிள்ளையோடு இருந்தாள். "ஏங்க, பிள்ளையை வளக்குறீங்களா, கிழங்கு மாதிரி அவிக்கிறீங்களா?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. டாக்டரம்மா வந்து கம்பளியை அவிழ்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே சதை குழிந்து உள்ளே போனது. பெற்றவள் கண்ணுக்கே தெரியாமல் அத்தனையும் கம்பளிக்குள் நடந்திருக்கிறது.

"பிராங்கியோலைட்டிஸ்" என்றார். மூக்கில் உப்புத்தண்ணீர் சொட்டுவிட்டுச் சளியை எடுத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள்.

"ஊசி, டாக்டரம்மா?"

"ஊசி வேணாம்மா."

அடுத்த நிமிஷமே டாக்டரம்மா, முசிறிக்காரம்மாவின் பிள்ளைக்கு ஊசி போட்டார். எனக்குள் என்னவோ கொதித்தது. தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிளாக்கர் ஐயா வீட்டுப் பிள்ளைக்கு ஊசி, கூலிக்காரர்கள் இருக்கிற லயத்துப் பிள்ளைக்குப் போத்தலில் கலக்கிய மருந்துத் தண்ணி என்றுதானே பார்த்திருக்கிறோம். ஆள் முன்னால் வாய் திறக்காத நான் கத்திவிட்டேன்: "அக்கரையிலேருந்து வந்தவங்கன்னுதானே எங்களுக்கு ஊசி இல்ல?"

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா கோபப்படவில்லை. என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளைக்கு வேற வியாதிம்மா. இவனுக்கு நெஞ்சுக்குள்ள நூல் நூலா இருக்கிற குழாய் வீங்கி, சளி அடைச்சிருக்கு. அக்காளுக்கு வந்த அதே சளிதான். அவளுக்குக் குழாய் பெருசு, தாங்கிக்கிட்டா. இந்தக் கிருமி ஊசிக்கு அடங்காது, தானாத்தான் அடங்கும். அதுவரைக்கும் இவன் மூச்சையும் பாலையும் நாம காப்பாத்தணும். என் பிள்ளையா இருந்தாலும் இதைத்தான் செய்வேன்."

பூமி பிளக்காதா என்றிருந்தது. மூச்சு கொஞ்சம் தணிந்ததும், பாலைக் கறந்து பாலாடைச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி புகட்டச் சொன்னார்கள். அத்தனை பேர் நடுவில் எப்படிக் கறப்பது? கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். முசிறிக்காரம்மா எழுந்து வந்து முந்தானையை விரித்துப் பிடித்தாள். "திரும்பி உக்காருங்க. டாக்டரையே அதட்டுன ஆளு, இதுக்குப் போயி வெக்கப்படுறீங்களே!"

பிள்ளை பிழைத்தான். இன்றைக்கு அவன் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் முதலில் சட்டையைத் தூக்கி விலாவைப் பார்க்கிறேன். ஆனால் அந்த டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவே இல்லை. கத்த வந்த வாய், அதற்கு வரவில்லை.

அன்று ராத்திரி, பிள்ளைக்குத் தலைமாடு உயரட்டும் என்று நர்ஸம்மா என் கம்பளியை மடித்து மெத்தைக்கு அடியில் செருகினார். மேலே ஆஸ்பத்திரியின் மெல்லிய வெள்ளைத் துணியைப் போர்த்தினார். கீழே தேயிலையும் அடுப்புப் புகையும் கலந்த வாசம் போகாத அந்த ஊர்க் கம்பளி, மேலே இந்த ஊர்த் துணி. இரண்டுக்கும் நடுவில் என் பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.