அண்ணன் நட்ட அகத்தி

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய நற்குணங்களை மட்டும் எழுதச் சொன்னார்கள். ஒரே தங்கை என்ற உரிமையில் கொஞ்சம் கோபத்தையும் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்குநேரிப் பக்கம் பிறந்த அண்ணன், பள்ளிப் படிப்பை முடிக்காமலே தாராவியில் மாமா வீட்டுக்கு வந்து வேலை தேடியவர். செம்பூரில் வேலை பார்த்த கம்பெனி மூடியதும், முதலாளி அவரைத் தம் கோவண்டி குடோனுக்குக் காவலாக வைத்தார். அங்கேயே குடும்பத்தோடு குடியிருக்கவும், பின்னால் கிடந்த காலி இடத்தில் ஆடு வளர்க்கவும் அனுமதித்தார்.

அந்த இடத்தின் நடுவே தீவனப் புல்லும் வேலிமசாலும், ஓரமெல்லாம் வரிசையாக அகத்தியும் வளர்த்தார் அண்ணன். மழைக்காலத்தில் புல் போதும். மே மாதத்தில் புல் காய்ந்தபின் ஆடுகளுக்குப் பச்சை என்றால் அகத்தி மட்டும்தான். இதைச் சொந்தங்களுக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பம்பாயில் இத்தனை இடம் கிடைத்தும் காடு வளர்க்கிறானே என்று கேலி செய்தவர்கள், போகும்போது மறக்காமல் கீரை ஒடித்துக்கொண்டு போனார்கள்.

ஒருமுறை நான் கிளையைக் கண்டபடி வெட்டப் போனேன். "ஏட்டி, நெஞ்சு உசரத்துக்குக் கீழ கை வைக்காத. பொறவு அகத்தி துளுக்காது" என்றார். அதட்டாமல்தான் சொன்னார். அவருக்கு அதட்டவே வராது.

போன கோடை தொடக்கத்தில் சயான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், ஆட்டுக்குக் குழை போட்டாச்சா என்றே மதினியிடம் கேட்டார். அங்கேயே அவர் கண்மூடினார். உடல் வீட்டுக்கு வருவதற்குள், நடுவில் பந்தல் போட்டதுபோக ஓரத்தில் நாற்காலி போடவும் இடம் வேண்டுமென்று அகத்தி முழுவதையும் தரையோடு வெட்டிச் சாய்த்துவிட்டார்கள் நம் சொந்தங்கள். அண்ணனுக்கு மரியாதை செய்தார்களாம்!

ஒரு மரம்கூடத் துளிர்க்கவில்லை. மே மாதம் மதினி சந்தையில் தழைக்கட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். மழைக்கு முன்பே ஆடுகளை விற்க வேண்டியதாயிற்று. இப்போது அதே சொந்தங்கள், புருஷன் வளர்த்த ஆட்டை ஒரு வருஷம் காப்பாற்றத் தெரியவில்லை என்று மதினியைப் பேசுகிறார்கள்.

சிகிச்சைக்கு உதவியவர்களுக்கும், ஜெபித்தவர்களுக்கும், குடியிருக்க இன்னும் இடம் தந்திருக்கும் முதலாளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மதினிக்கு நான் சொல்ல வேண்டியது நன்றி அல்ல, மன்னிப்பு.

அன்று ஆம்புலன்ஸில் வரும்போது சித்தப்பா மகன் எனக்குத்தான் போன் செய்தான். "அக்கா, சேர் போட எடமில்ல. மரத்த எடுத்துரட்டுமா?"

"எடுத்துரு. வாறவங்கள ரோட்டுலயா நிக்க வைக்க?" என்றேன் நான்.

மதினி என் தோளில்தான் சாய்ந்திருந்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. நான் சொன்னது காதில் விழுந்தும், இத்தனை பேச்சு வாங்கியும், இந்த ஓராண்டில் அவர்கள் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை.