சாமியறைக் கதவின் அளவு

நிலாந்தினிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பாள். மடத்துவெளியிலிருந்து பஸ் ஏறி, வேலணையில் ஜெகதீஸின் அலுவலகத்துக்கு வந்து கொம்பியூட்டரில் வீட்டுப் படம் கீறுகிறவள். கண்ணாடி மேசைக்கு வந்தால் முதலாளி ஜெகதீசே தேத்தண்ணி குடிக்கிற சாட்டில் வெளியே இறங்கிவிடுவார். இந்தக் கோபக்காரியை எவன் கட்டுவான் என்று ஊரில் வாய்கூசாமல் கதைத்தவர்கள் உண்டு. கட்டியவன் நல்லாய்த்தான் இருக்கிறான். கதைத்தவர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல்.

தீவுப் பக்கம் இப்போது வீடு கட்டுகிறவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருந்துகொண்டே கட்டுகிறார்கள். ஃபோனில் முகத்தைக் காட்டி அதை மாற்று, இதை மாற்று என்பார்கள். பிரதாபனும் அப்படித்தான். இருப்பது சுவிசில். இறுப்பிட்டியில் தகப்பனின் காணியில் அவர் கட்டத் தொடங்கிய வீடு அவருக்கல்ல, அக்கா பரிமளத்துக்கு. சண்டைக் காலத்தில் செல் விழுந்து இரண்டு காலும் இயங்காமல் போன நாளிலிருந்து பரிமளம் சுருவிலில், சின்னம்மாவின் மகன் வீட்டில், சக்கரக் கதிரையில் இருக்கிறாள்.

படம் கீற முதல் நிலாந்தினி சுருவிலுக்கே போய் வீடு எப்படி வேண்டும் என்று பரிமளத்திடம் கேட்டாள். கேட்டது அவள் ஒருத்திதான். தம்பிகூடக் கேட்டதில்லை.

"எனக்குப் பெரிய வீடு வேண்டாம் பிள்ளை," என்றாள் பரிமளம். "கக்கூசுக்கு நானாப் போகவேணும். போய் நானாக் கதவைச் சாத்திக் கொண்டி போடவேணும். இவ்வளவு வருசமும் ஆரோ ஒராள் கதவடியில நிண்டுகொண்டுதான் இருக்கினம்."

நிலாந்தினி கதிரையின் அகலத்தை அளந்துகொண்டு வந்தாள். அந்த அளவுக்குத்தான் முழு வீட்டையும் கீறினாள். அறைக் கதவும் குளியலறைக் கதவும் தாராளமாக அகலம். உள்ளே கதிரை திரும்ப இடம். கொண்டிகூட இருந்தபடி எட்டுகிற உயரத்தில். சாமியறைக்கு மட்டும் ஒடுக்கமாக, கண்ணாடியும் பூவேலையும் போட்ட ஒரு கதவு. அதற்குள் கதிரை போகத் தேவையில்லை, வெளியே இருந்தே கும்பிடலாம் என்று பரிமளமே சொல்லியிருந்தாள்.

பிறகு நிலாந்தினிக்கு டெங்கு. அவள் படுக்கையில் கிடந்தபோது பிரதாபன் ஃபோனில் படத்தைப் பார்த்திருக்கிறார். சாமியறைக் கதவில் மனம் விழுந்துவிட்டது. உள்ளே எல்லாக் கதவும் இதே மாதிரி வரட்டும் என்றாராம். அதற்கென்ன என்று ஜெகதீஸ் கொம்பியூட்டரில் குந்தினார்.

அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. பிடித்த கதவு ஒன்றைத் தொட்டு அதன் குணங்களை எல்லாம் உறிஞ்சி எடுக்கலாம். எடுத்ததை இன்னொரு கதவில் ஏற்றலாம். ஊசி போடுறது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். நல்ல வசதிதான், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போடவேண்டும். தோற்றம் மட்டுமா, அளவும் சேர்த்தா என்று அது கேட்கும். பேசாமல் சரி என்று அமத்தினால் அகலம், உயரம், கொண்டி இருக்கிற இடம் எல்லாமே ஏறிவிடும். ஜெகதீஸ் அமத்தினார். படம் மேசன் டிலோனின் கைக்குப் போனது. மேசன் படத்தில் உள்ளதைத்தானே கட்டுவான்?

புதுவீடு குடிபூரலுக்கு முந்தின வாரம் பரிமளத்தை வான் பிடித்துக் கூட்டிவந்து வீட்டைக் காட்டினார்கள். காய்ச்சல் மாறியிருந்த நிலாந்தினியும் போனாள். சாய்தளத்தால் ஏறி, விறாந்தையைக் கடந்து, பரிமளம் நேரே குளியலறைக்குத்தான் கதிரையை உருட்டினாள். கதவு நிலையில் கதிரையின் இரண்டு சில்லும் முட்டி நின்றன. பின்னுக்கு எடுத்து மறுபடி உருட்டினாள். மறுபடியும் முட்டியது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நிலாந்தினி கண்ணாடியைக் கழற்றினாள். வைக்க மேசை இல்லை. கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜெகதீசுக்கு முகம் வெளிறியது. ஆனால் வாய் குறையவில்லை. கொம்பியூட்டர் செய்த பிழை என்றார்.

"கொம்பியூட்டர் கேட்டது அண்ணை," என்றாள் நிலாந்தினி. "நீங்கள்தான் வாசிக்காமல் ஓம் எண்டனீங்கள்."

படத்தில் இப்பவே திருத்தித் தருகிறேன், ஒரு நிமிச வேலை என்றார். கோதாரி! படத்தைத் திருத்தினால் சுவர் தானாக விலகிக் கொடுக்குமா? இந்த மனிசனிடம் இத்தனை காலம் வேலை செய்தோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஃபோனில் பிரதாபனை எடுத்தார்கள். அவர் அதற்கு மேலே போனார்: குடிபூரல் நெருங்கிவிட்டது, இப்போது உடைக்க வேண்டாம், இரண்டு பெட்டைகளை வேலைக்கு வைத்தால் அக்காவைத் தூக்கிவிடுவார்கள்தானே என்றார். ஜெகதீஸ் அதைப் பிடித்துக்கொண்டார். நல்ல நேரம் பார்த்து வைத்த நிலைகளை அசைப்பது குடும்பத்துக்குக் கூடாது, ஐயரும் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றார்.

நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் பூசி வைத்தது வாசல் நிலை ஒன்றைத்தான். அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் ஐயர் என்றதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டிலோன் நிலத்தைப் பார்த்தான்.

பரிமளம்தான் கதிரையைத் திருப்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"கக்கூஸ் நிலைக்கு எந்த ஐயர் நாள் பார்த்தவர்?"

ஃபோனில் பிரதாபன் "அக்கா" என்று தொடங்கினார். நிலாந்தினி காத்திருக்கவில்லை. சுவரோடு சாத்தியிருந்த இரும்பு அலவாங்கை எடுத்து நிலையின் பக்கத்துச் சுவரில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். பூச்சு உதிர்ந்து அவள் சீலையெல்லாம் வெள்ளையானது. அவளுக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. இரண்டாம் குத்துக்கு ஓங்கியபோது டிலோன் வந்து அலவாங்கை வாங்கினான். "தாங்கோ அக்கா, நான் செய்யிறன்," என்றான்.

குடிபூரலன்று அந்த இடத்தில் கதவு இல்லை, ஒரு சீலைதான் தொங்கியது. வந்தவர்கள் குசுகுசுத்தார்கள். குசுகுசுக்கட்டும். அறைக் கதவையும் அதோடு உடைத்து, இரண்டுக்கும் புது நிலை வைத்துக் கதவு பொருத்தி முடிந்த அன்று, ஜெகதீஸ் வாழைப்பழச் சீப்போடு இறுப்பிட்டிக்கு வந்தார், கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்து. நிலாந்தினிக்கு ஆறவில்லை. பழத்தை வாங்கி ஒரு மூலையில் வைத்தாள், அவ்வளவுதான்.

பரிமளம் கதிரையை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். எங்கேயும் முட்டவில்லை. கதவு சாத்தியது. கொண்டி விழுந்தது.

நேரம் போனது. ஜெகதீசுக்குப் பொறுக்கவில்லை. கிட்டப் போய், அக்கா எல்லாம் சரியோ, ஏதும் உதவி வேணுமோ என்று கேட்டார்.

உள்ளேயிருந்து பரிமளம் சொன்னாள்:

"கதவடியில நிக்காதேங்கோ."