ஹாலில் விரித்த பாய்

காலையில் எழுந்தால் என் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கைகளை வைத்துக்கொண்டு, மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் என் கணவர் காபி போட்டு, எனக்குத் தலை பின்னி, ஜாக்கெட் கொக்கிகளையும் மாட்டிவிடுவார். பிறகுதான் ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு ஓடுவார். முப்பத்தெட்டு வயதில் எனக்கு முடக்குவாதம் என்று தெரிந்ததிலிருந்து இப்படித்தான். இந்த மாதிரி மனுஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்பார் பக்கத்து ஃபிளாட் அக்கா. நானும் தலையாட்டுவேன்.

அந்த அக்காவிடம் சொல்ல முடியாத ஒன்று இருந்தது. தினமும் என்னைத் தொடுகிற கைகள், மனைவி என்று என்னைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கொக்கி மாட்டும்போது அவர் பார்வை கொக்கியில்தான் இருக்கும். மகளுக்குச் சின்ன வயதில் யூனிஃபார்ம் போட்டுவிட்டபோது இருந்த அதே கவனம்.

அது எப்போது நின்றது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு ஞாயிறு மதியம். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். சேரும்போது இடுப்பு மூட்டில் வலி இருந்தது. அது எனக்குப் பழகிப்போன வலி. ஆனால் அன்று உள்ளே தீப்பட்டது போல எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். கண்ணீர் நிற்கவில்லை. அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்த வாரமே, நான் கைகாலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று சொல்லி, ஹாலில் பாய் விரித்துக்கொண்டார். என் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். வீங்கிய விரல்களையும், மருந்தால் உப்பிய முகத்தையும் கண்ணாடியில் பார்க்கிற நாட்களில் வேறு மாதிரியும் நினைத்தேன்.

மூட்டு டாக்டர் ஒவ்வொரு முறையும் விரல், மணிக்கட்டு, முட்டி எல்லாவற்றையும் அழுத்திப் பார்ப்பார். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று விசாரிப்பார். இதை மட்டும் கேட்டதில்லை. கணவர் பக்கத்து நாற்காலியில் ஃபைலோடு உட்கார்ந்திருப்பார். நானும் வாய் திறந்ததில்லை. ஒருமுறை ஃபோனில் தங்கையிடம் ஆரம்பித்தேன். இந்த வலியில் உனக்கு அதெல்லாம் எதுக்குக்கா என்று அவள் பேச்சை மாற்றிவிட்டாள். வலி வந்தால் ஆசையும் போய்விடும் என்று அவளிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை.

போன மழைக்காலத்தில், கணவரிடம் சொல்லாமல் ரயிலேறித் தாம்பரம் போனேன். அங்கே ஒரு பெண்கள் டாக்டர், என்னைவிடச் சின்னவர். வெள்ளைப்படுகிறது என்று ஏதோ சொல்லி வைத்தேன். பரிசோதிக்கும்போது நான் துடித்ததைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"வீட்டுக்காரரோட சேரும்போதும் இப்படித்தான் வலிக்குதா மேடம்?"

இத்தனை வருடத்தில் ஒருவர் கேட்டது அதுதான் முதல்முறை. பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

இந்த நோய் உள்ள சிலருக்குக் கண், வாய் வறண்டுபோவது போல அங்கேயும் ஈரம் குறைந்துவிடும், அதனால்தான் எரிகிறது, இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை என்றார். தடவிக்கொள்ள ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். வெந்நீரில் குளித்துவிட்டு, மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இடுப்பு வலிக்காமல் ஒருக்களித்துப் படுப்பது எப்படி என்று மேஜைமேல் இரண்டு பேனாக்களை வைத்துக் காட்டினார். அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இதையெல்லாம் கணவரிடம் பேசுங்கள் என்றார்.

அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜெல் பல வாரம் புடவைகளுக்கு அடியிலேயே கிடந்தது. ஒரு சனிக்கிழமை காலை அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கத்தி நின்றது.

"அன்னிக்கு நீ அழுத இல்ல," என்றார். "உன்னக் கஷ்டப்படுத்திட்டேன்னு நெனச்சேன். அப்புறம் தொடவே பயமாயிடுச்சு."

"என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நான் நெனச்சேன்."

 அவர் தன் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி பீன்ஸை நறுக்கினார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். சில நாட்கள் நன்றாகவே இருந்தன, எரியவில்லை. ஆனால் அவர் மூச்சுக்கு மூச்சு வலிக்கிறதா என்று கேட்கிறார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது போல ஆகிவிடுகிறது. வலித்தால் நானே சொல்கிறேன், கேட்காதீர்கள் என்று சொல்லியும் அவரால் முடியவில்லை. மூட்டுகள் வீங்கும் வாரங்களில் மறுபடியும் ஹாலுக்குப் போய்விடுகிறார். கட்டில் முழுவதும் எனக்கே. கூப்பிட்டால் வந்துவிடுவார் என்று இப்போது தெரியும். கூப்பிடத்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது.